லேக் ஃபோர்க்கில் கைடு வைத்து மீன் பிடித்த இரண்டு நாட்கள்: முழுக் கணக்கு

ஒரே ஏரிக்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு தடவை காசு கொடுத்து கைடு வைத்துப் போனேன். கைடு என்றால் தன் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வழிகாட்டுபவர். முதல் தடவை இரண்டு பேருக்குமாகச் சேர்த்து 9 மீன், இரண்டாவது தடவை 7. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் பயணம்தான் நல்லது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குக் காரை ஓட்டி வரும்போது, நாளைக்கே இந்த ஏரிக்குத் தனியாகப் போனால் எங்கே தூண்டில் போடுவாய் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இரண்டாவது தடவை திரும்பும்போது பதில் இருந்தது, அதுவும் என்னிடம் மட்டும் இல்லை, மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல்முறையாக அமெரிக்கா வந்திருந்த என் அப்பாவிடமும் இருந்தது. இரண்டு நாளுக்கும் நடுவில் என்ன மாறியது என்று நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். டாலஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது தூண்டில் பக்கம் வருகிறார்கள், கைடு வைக்கலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள், அவர்களுக்கு இது உதவும்.

முதலில் ஏரி

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது லேக் ஃபோர்க். ஸபீன் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையை மறித்து அணை கட்டி 1980-இல் தண்ணீர் தேக்கினார்கள். பரப்பு 27,000 ஏக்கருக்கு மேல், ஆழம் அதிகபட்சம் 70 அடி. அணை கட்டியபோது பள்ளத்தாக்கில் நின்ற மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டார்கள், மீனுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காக. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த மரங்கள் பட்டுப்போய் நின்றுகொண்டிருக்கின்றன, பாதி ஒடிந்து தண்ணீர் மட்டத்துக்கு அரை அடி கீழே வெறும் கட்டையாக நிற்பவையும் உண்டு. படகு போவதற்கென்று மிதவை கட்டி வழி குறித்திருக்கிறார்கள். அந்த வழியை விட்டு வேகமாகப் போனால் படகின் அடிப்பக்கம் உடைந்துவிடும். ஏரி தெரியாதவர் வாடகைப் படகு எடுத்துக்கொண்டு இங்கே ஓட்டக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், மீன் கிடைப்பது கிடைக்காதது அப்புறம்.

இங்கே எல்லாரும் தேடி வருவது லார்ஜ்மவுத் பாஸ். பேருக்கு ஏற்றபடி பெரிய வாய். பாசி ஓரத்திலும் மரத்தடியிலும் அசையாமல் நின்று, இரை கிட்டே வந்ததும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். நம் ஊர் விரால் மீனைத் தெரிந்தவர்களுக்கு இதன் குணத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். ஏரி நிரம்புவதற்கு முன்பே, பள்ளத்தாக்கில் இருந்த பண்ணைக் குட்டைகளிலேயே ஃப்ளோரிடா வகைக் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். அந்த வகை பெரிதாக வளரக்கூடியது. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்பவர் இங்கே 17.67 பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தார். அவரே ஒரு கைடுதான். எத்தல் என்று பெயர் வைக்கப்பட்ட அந்த மீனிலிருந்துதான், பெரிய மீன்களைப் பிடித்தவர்களிடமிருந்து வாங்கி இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் டெக்சஸ் மாநிலத் திட்டம் தொடங்கியது. 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ, மாநில சாதனை. அவர் பாஸுக்கு வந்தவரே இல்லை, க்ராப்பி என்ற சின்ன மீனுக்காகப் பொடி மீனைக் கோத்துப் போட்டிருந்தார்.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கதையில் வரும். இந்த ஏரியில் 16 அங்குலம் வரை உள்ள பாஸை எடுத்துப் போகலாம். 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதில் நாளைக்கு ஒன்றை எடுக்கலாம். இடைப்பட்ட நீளம் என்றால் அந்த இடத்திலேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மொத்தம் ஆளுக்கு நாளைக்கு 5.

முதல் கைடு

அக்டோபர் மாதம், மச்சினனோடு போனேன். அதற்கு முன் கரையில் நின்று நாங்களே மூன்று தடவை முயற்சி செய்து ஒன்றும் கிடைக்கவில்லை, அந்த ஏக்கத்தில்தான் கைடு தேடினோம். போனில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: மீன் கிடைக்குமா? கிடைக்கும் என்றார். இரண்டு பேருக்கு 450 டாலர், முன்பணம் 150. எத்தனை மணி நேரம், காற்று அடித்தால் என்ன செய்வது, யார் எங்கே நிற்பது, எதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மீன் கிடைக்கத்தான் செய்தது. படகின் முன்னால் பெரிய திரை, தண்ணீருக்குள் மீன் நகர்வதை அந்த நொடியிலேயே காட்டும் சோனார் கருவி. அவர் திரையைப் பார்த்து, அதோ அந்த மரத்துக்கு வலது பக்கம் போடு, இன்னும் பத்தடி தள்ளிப் போடு என்பார், நாங்கள் போடுவோம். எதற்கு அந்த மரம், பக்கத்தில் இருக்கிற மரத்தில் ஏன் இல்லை என்று கேட்டால், திரையில் தெரிகிறதே என்பதுதான் பதில். முன்பக்கம் நின்று அவரும் தூண்டில் போட்டுக்கொண்டே வந்தார். படகு முன்னோக்கி நகரும்போது ஒவ்வொரு மரத்துக்கும் முதல் இரை அவருடையது, பின்னால் நிற்கிற எங்களுக்கு அவர் ஏற்கெனவே போட்டு எடுத்த தண்ணீர். 9 மீன் என்று முதலில் சொன்னேனே, அவர் பிடித்த 6 அதில் சேராது. ஐந்து மணி நேரம் ஆனதும் காற்று ஏறிவிட்டது என்று கரைக்குத் திருப்பினார், பணத்தில் எதுவும் குறையவில்லை.

எனக்கு அன்றைக்கு வருத்தம் இருந்தது. இப்போது யோசித்தால் பாதிக்கு மேல் நான் கேட்காததால் வந்தது. மீன் வேண்டும் என்று கேட்டேன், மீன் கொடுத்தார். முன்னால் நின்று வாடிக்கையாளரின் தண்ணீரில் முதலில் தூண்டில் போட்டதை மட்டும் நான் இன்றும் சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது கைடு எப்படி அமைந்தார்

பிப்ரவரியில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பாவுக்கு 68 வயது. இளவயதில் கண்மாயில் விரால் பிடிப்பதில் பேர் போனவர், தவளையைக் கோத்து நீளக் கழியில் போட்டுப் பிடிப்பார். வீட்டுக்குள்ளேயே நாலு வாரம் அடைந்து கிடந்து, சாயங்காலம் பக்கத்துப் பூங்காக் குளத்தைச் சுற்றி வந்து, "இதுல மீன் இருக்குப்பா, ஓரத்துல குமிழி வருது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை லேக் ஃபோர்க் கூட்டிப்போவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இந்தத் தடவை நாலு கைடுகளுக்குப் போன் செய்தேன். மூன்று பேர் தேதியையும் பணத்தையும் பேசினார்கள். நாலாவது ஆள் என்னைக் கேள்வி கேட்டார். அப்பாவுக்கு முழங்கால் எப்படி, படகு ஆடும்போது நிற்க முடியுமா, நீச்சல் தெரியுமா, இதுக்கு முன்னால் என்ன மீன் பிடித்திருக்கிறார், ரீல் சுற்றிப் பழக்கம் உண்டா, எந்தக் கை. விராலைப் பற்றி நான் சொன்னதும், அது தன் குஞ்சைக் காவல் காக்குமா என்று கேட்டார். காக்கும், கிட்டே போனால் பாயும் என்றேன். "அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு பாஸைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது" என்றார். அந்த இடத்திலேயே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நானும் இந்த முறை வாய் திறந்து கேட்டேன். எண்ணிக்கை முக்கியமில்லை, ஏரியைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஏன் இங்கே நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும், எனக்கு அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்ல நேரம் தர வேண்டும். நீங்கள் தூண்டில் போடுவீர்களா என்று நேராகவே கேட்டேன். செய்து காட்டுவதற்கு மட்டும் போடுவேன், மீன் மாட்டினால் ராடை, அதாவது தூண்டில் கழியை, அப்பா கையில் கொடுத்துவிடுவேன் என்றார். 8 மணி நேரம், இரண்டு பேருக்கு 500 டாலர், ராடு ரீல் இரை எல்லாம் அவருடையது, இடி மின்னல் அல்லது பலத்த காற்று என்றால் முதல் நாள் இரவே அவர் கூப்பிட்டுச் சொல்வார், முன்பணம் வேறு தேதிக்கு மாறும். டெக்சஸ் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை கொடுக்கும் கைடு உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டதற்குக் கோபப்படவில்லை, நகலை அனுப்பிவைத்தார். உரிமத்தைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறவரோடு எட்டு மணி நேரம் படகில் உட்கார எனக்கு மனம் வராது.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. கைடுக்கு உரிமம் இருந்தாலும் படகில் தூண்டில் போடும் 17 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டும். எனக்கு வருஷ உரிமம் இருந்தது. அப்பா வெளியூர்க்காரர் என்பதால் ஒரு நாள் உரிமம் 16 டாலருக்கு எடுத்தேன். வயதானவர்களுக்கான சலுகை டெக்சஸ்வாசிகளுக்குத்தான், விருந்தாளியாக வந்த பெற்றோருக்கு இல்லை.

அந்த நாள்

மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை. பள்ளி விடுமுறை வாரத்தைத் தவிர்த்துத் தேதி எடுத்தோம், அந்த வாரத்தில் படகுத்துறையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இரண்டு நாள் முன்னால் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியிருந்தது. காலை ஏழு மணிக்குப் போனபோது வானம் துடைத்துவிட்டதுபோல் நீலம், விரல் விறைக்கும் குளிர். அப்பா குல்லா, மஃப்ளர், என்னுடைய பனிக்கால ஜாக்கெட், அதற்கு மேல் கைடு கொடுத்த மிதவை ஜாக்கெட் என்று நாலு அடுக்கில் இருந்தார். எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கைடு தன் ஜாக்கெட்டில் மாட்டிக் காட்டினார். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும், டெக்சஸில் 2019 முதல் இது சட்டம். ஓட்டும்போது நான் விழுந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். முதல் கைடு இதையெல்லாம் பேசவே இல்லை.

முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. வடக்குக் கரையில் உள்வாங்கிய ஒரு சிறு வளைவு. ஏன் இங்கே என்று கேட்கும் முன்பே சொன்னார். வடகாற்று படாத இடம், வெயில் நேராக விழும், அதனால் ஏரியின் மற்ற இடங்களைவிட இங்கே தண்ணீர் சீக்கிரம் சூடாகும். பாஸ் முட்டையிட ஆழமில்லாத இடத்துக்கு வருவது தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, நம் கணக்கில் பதினைந்து பதினாறு செல்சியஸ். போன வாரம் இங்கே 63 இருந்தது, மீன் கரைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு 57. வந்த மீன் எங்கே போயிருக்கும்?

கேள்வியை என்னிடம்தான் கேட்டார். நான் அப்பாவிடம் திருப்பிச் சொன்னேன். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பத் தூரம் போகாதுப்பா. குளிர் விட்டதும் திரும்ப வரணும்ல, அதனால பக்கத்துல எங்கயாவது பள்ளத்துல நிக்கும்" என்றார். இதை ஆங்கிலத்தில் சொன்னதும் கைடு மோட்டாரை நிறுத்திவிட்டு இருக்கையிலிருந்து எழுந்து அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் ஏரியின் அடித்தள வரைபடத்தைத் திறந்தார்.

இந்த இருபது நிமிஷத்தைத்தான் நான் கொடுத்த 500 டாலரின் மதிப்பாக நினைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தில் நாங்கள் இருந்த வளைவின் வாசலில், கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, ஒரு வளைந்த கோடு இருந்தது. கோட்டின் மேல் 7 அடி ஆழம், இரண்டு பக்கமும் 13, 14. இது என்ன என்று கேட்டேன். பழைய டேங்க் என்றார். டெக்சஸ்காரர்கள் மாடு குடிக்க மண் கரை போட்டுக் கட்டிய குட்டையை டேங்க் என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்க் கண்மாயையும் வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் டேங்க் என்றுதான் எழுதினார்கள், இன்றைக்கும் அரசாங்க ஆங்கிலத்தில் அப்படித்தான். ஏரி வந்தபோது இப்படிப்பட்ட குட்டைகள் கரையோடு முழுகிப்போயின. நான் அப்பாவிடம், "இது கண்மாய்க் கரை மாதிரிப்பா, தண்ணிக்குள்ள கிடக்கு" என்றேன்.

அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "மடை எங்க இருக்கு? கலுங்கு எந்தப் பக்கம்?"

கைடுக்கு அதை விளக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மடை என்றால் கரைக்கு அடியில் தண்ணீர் திறந்துவிடும் வழி, அதன் வாசலில்தான் கண்மாயிலேயே ஆழமான குழி இருக்கும், கோடையில் கடைசித் தண்ணீரும் கடைசி மீனும் நிற்பது அங்கேதான். கலுங்கு என்றால் நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் இடம். கைடு கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: இந்தக் குட்டைகளில் நீங்கள் சொல்லும் மடை இல்லை, வழிந்தோடும் வாய் ஒரு ஓரத்தில் உண்டு. ஆனால் நடுவில், பழைய ஓடை போன பாதையில், கரை உடைந்திருக்கிறது. அதோ, கோடு அறுபட்டுத் தெரிகிறதே, அங்கே ஆழம் 11. "வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கினால் உள்ளே இருக்கும் மீன் அந்த உடைப்பு வழியாக வெளியே வந்து, கரையின் ஆழப் பக்கம் சாய்ந்து நிற்கும். வெயில் ஏறினால் அதே வழியாக உள்ளே போகும்."

அப்பா என்னைப் பார்த்து, "உடைப்புல மீன் நிக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, முதல்லயே அங்க போயிருக்கலாம்ல" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கைடு வாய்விட்டுச் சிரித்து, முதலில் கரையைக் காட்டியது நீங்கள் தண்ணீரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அதுவும் பாடத்தில் உண்டு என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், நல்ல சமாளிப்பாகவும் இருக்கலாம், எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.

தூண்டில் பாடம்

உடைப்புக்கு நாற்பதடி தள்ளிப் படகை நிறுத்தினார். முன்பக்க மின்மோட்டார் சத்தமில்லாமல் அதே இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டது. இரை ஏழு அங்குல ரப்பர் புழு, கருஞ்சிவப்புப் புள்ளி போட்ட பச்சை. முனையில் தோட்டா மாதிரி ஈயக் குண்டு, முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே செருகிவிடுவது, அப்போதுதான் மரத்திலும் வேரிலும் மாட்டாது. டெக்சஸ் ரிக் என்று சொல்வது இதைத்தான். எறிந்து, அடியில் போய்ச் சேரும்வரை விட்டு, ராடை மெதுவாகத் தூக்கி, மறுபடி இறக்கி, கரைச் சரிவில் புழு நடப்பதுபோல் கொண்டுவர வேண்டும்.

எனக்கு பெய்ட்காஸ்ட் ரீல், அப்பாவுக்கு ஸ்பின்னிங் ரீல். பெய்ட்காஸ்டில் கட்டைவிரல் கொஞ்சம் தப்பினால் தூண்டில் நரம்பு சுற்றிக் குருவிக்கூடாகிவிடும், அதைப் பிரிக்கவே கால் மணி நேரம் போகும். பெரியவருக்கு அந்த எரிச்சல் வேண்டாம் என்று வீட்டிலிருந்தே வேறு ராடு கொண்டுவந்திருந்தார். போனில் எந்தக் கை என்று கேட்டது இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது.

அப்பாவுக்கு முதல் பத்து நிமிஷத்தில் இரண்டு கடி. இரண்டும் போய்விட்டன. காரணம் விரால். விரால் தவளையைக் கவ்வினால் உடனே இழுக்கக் கூடாது, அது முழுங்கும்வரை பொறுக்க வேண்டும், ஐம்பது வருஷப் பழக்கம் அப்பாவுக்கு. ரப்பர் புழுவில் அது சரிப்படாது. பாஸ் வாயில் வாங்கியதும் இது இரை இல்லை என்று தெரிந்து துப்பிவிடும், துப்பாமல் விழுங்கிவிட்டால் முள் தொண்டைக்குள் போய் மீன் சாகக்கூடும், திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம். கைடு அப்பாவின் ராடைத் தானும் லேசாகப் பிடித்துக்கொண்டு, நரம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "இந்தத் தட்டு வந்தால், தொய்வைச் சுற்று, உடனே இழு." நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. நாலைந்து தடவை தட்டித் தட்டிக் காட்டினார், அப்பா தலையை ஆட்டினார்.

மூன்றாவது கடி நின்றது. 15 அங்குலம். அதற்கப்புறம் எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட அதே அளவு. பத்தரைக்கு, நாங்கள் கேட்காமலேயே, படகுத்துறைக்குத் திருப்பினார். வயதானவர்கள் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றார். அப்பா காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பதை நான் கவனித்திருக்கவில்லை. பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கைடிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், நான் பேசவில்லை, அவர் நல்லவராக இருந்ததால் தப்பித்தேன்.

திரும்பி வந்தபோது வெயில் ஏறி, தண்ணீர் 60-ஐத் தொட்டிருந்தது. அதே உடைப்பு, இந்த முறை உள்பக்கச் சரிவு. பன்னிரண்டு மணி வாக்கில் அப்பா இழுத்ததும் ராடு நீர்மட்டம்வரை வளைந்தது. மீன் நேராகப் பட்ட மரம் ஒன்றை நோக்கி ஓடியது. கைடு மோட்டாரால் படகைப் பின்னுக்கு வாங்கினார், அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினார். ஒரு தடவை முழு உடம்பும் தண்ணீருக்கு மேல் வந்து தலையை உதறியது, எனக்கு நெஞ்சு நின்றுபோனது. வலையில் ஏந்தி அளந்தால் 22 அங்குலம், 6 பவுண்டு 4 அவுன்ஸ். வயிறு நிறைய முட்டை.

இடைப்பட்ட அளவு. விட வேண்டும். நான் சொன்னதும் அப்பா, "இதையா? விடணுமா?" என்று கேட்டுவிட்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "சினை இருக்கு. விட்டுரு." தாடையைப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து எப்படித் தூக்குவது என்று கைடு காட்டினார், ஒரே ஒரு படம் எடுத்தேன், தண்ணீரில் இறக்கினதும் இரண்டு நொடி அப்பா கைக்குள்ளேயே நின்றுவிட்டு வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது.

அதன் பிறகு இன்னும் மூன்று, எல்லாம் என்னுடையவை, இரண்டு விட்டுவிட வேண்டிய அளவு. மொத்தம் 7. வீட்டுக்கு எடுத்துப்போக 16 அங்குலத்துக்குக் குறைவான நாலை வைத்துக்கொண்டோம். சில கைடுகள் எதையும் எடுத்துப்போக விடமாட்டார்கள், அதனால் இதையும் போனிலேயே கேட்டிருந்தேன். சின்ன மீனை அளவாக எடுப்பது ஏரிக்கு நல்லது, அந்த நீள விதியே அதை எதிர்பார்த்து வைத்ததுதான் என்பது அவர் கருத்து. கரை சேரும்வரை மீனை வெட்டக் கூடாது, நீளம் அளக்கும்படி முழுசாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு எப்படியும் தலையோடுதான் வேண்டும். அன்று ராத்திரி புளி கரைத்து வைத்த குழம்பில் பாஸ் உதிராமல் நின்றது, விராலைவிடச் சதை மென்மை, முள் குறைவு.

கணக்கு

கைடுக்கு 500, அப்பா உரிமம் 16, அன்பளிப்பு 100, பெட்ரோலும் காலை உணவும் ஒரு 45. ஆக 661 டாலர். சின்னத் தொகை இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் என்னால் முடியாது. அன்பளிப்பு கட்டாயமில்லை என்றாலும் பதினைந்து, இருபது சதவீதம் கொடுப்பது இங்கே வழக்கம், பெட்ரோல், இரை, படகு எல்லாம் போக அவர்கள் கையில் நிற்பது அதிகமில்லை.

குறையும் இருந்தது. கருவிகளில் அவர் கொஞ்சம் பழைய ஆள். நேரலைச் சோனார் படகில் இருந்தும் கடைசி ஒரு மணி நேரம்தான் போட்டார், அதை எப்படிப் படிப்பது என்று நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் என்னிடமும் சரியான கண்ணாடி இல்லாதது தெரிந்தது. நீர்ப் பளபளப்பை அறுக்கும் போலரைஸ்டு கண்ணாடி இருந்திருந்தால், கரையோரம் ஆண் மீன்கள் வாலால் மண்ணைத் துடைத்துக் கூடு கட்டுவதை அவர் காட்டியபோது நானும் பார்த்திருப்பேன். அப்பாவுக்கு மட்டும் அவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

ஏப்ரலில் நான் தனியாக, படகில்லாமல், அதே ஏரியில் கரையில் நின்று போட்டேன். போவதற்கு முன் வரைபடத்தில் கரையிலிருந்து எறிதூரத்தில் முழுகிக் கிடக்கும் பழைய குட்டை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். உடைப்பு கொஞ்சம் தள்ளி இருந்தது, கலுங்கு வாய் மட்டும்தான் எட்டியது. மூன்று மணி நேரத்தில் இரண்டு மீன். கரையில் நின்று நானாகப் பிடித்த முதல் பாஸ் அவை.

அப்பா ஏப்ரல் கடைசியில் ஊருக்குப் போனார். மே மாதம் ஒரு நாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டார். கண்மாய் வற்றிப்போய், கருவேல மரங்களுக்கு நடுவே வெடித்த மண்ணில் நின்றுகொண்டிருந்தார், கையில் நீளக் கழி. மடைக்குழிக்குள் இறங்கி அளந்து பார்த்ததாகச் சொன்னார். "ரெண்டு ஆள் ஆழம் இருக்குப்பா. மேற்க ஒரு பழைய கரை மேடு வேற மண்ணுக்குள்ள ஓடுது, இத்தனை வருஷம் நான் பார்த்ததே இல்லை. எங்க அறுந்திருக்குன்னு கல்லு நட்டு வச்சிருக்கேன், ஐப்பசியில தண்ணி வரட்டும்."